அவையேற வேற்றுருவா?

இரு நாடுகள், இரு மொழிகள், இரு புலவர்கள். ஒருவர் கிரேக்க நாட்டு அரிஸ்டோபனீஸ். மக்களைச் சிரிக்க வைப்பது அவர் தொழில். மற்றவர் நம் தமிழகத்துச் சாத்தனார். அறம் உரைப்பது அவர் நோக்கம். ஒருவர் எழுத்தை மற்றவர் கண்டதில்லை. ஆயினும் இருவர் ஏடுகளும் ஒரே உண்மைக்குச் சான்று பகர்கின்றன. அறிவுடையோர் கூடி வாதிடும் அவைக்குள் பெண் நுழைய வேண்டுமானால், அவள் முதலில் ஆணின் வடிவத்தை அணிந்து கொள்ள வேண்டும் என்பதே அந்த உண்மை! இந்த இரு ஏடுகளையும் இன்று எடுத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. அவர்கள் காட்டிய அவலம் ஏட்டோடு முடிந்துவிடவில்லை. வடிவம் மாறி நம் நாட்டு மன்றங்களில் இன்றும் உலவுகிறது.

முதலில் கிரேக்கத்தைப் பார்ப்போம். மக்களாட்சியின் தாயகம் என்று வரலாற்றாசிரியர்கள் போற்றும் நகரம் ஏதென்ஸ். பினிக்ஸ் என்னும் குன்றின் மேல் குடிமக்கள் கூடுவர். போரா அமைதியா என்பதைக் கை உயர்த்தி முடிவு செய்வர். கேட்கவே நெஞ்சு நிமிர்கிறதல்லவா? ஆனால் குடிமக்கள் என்றால் யார்? வயது வந்த ஆண்கள் மட்டுமே. அடிமைக்கு அங்கே இடமில்லை, அயலூரானுக்கு இடமில்லை, அந்தக் குடிமக்களைப் பெற்றுப் பால் கொடுத்து வளர்த்த பெண்ணுக்கும் இடமில்லை. ஊருக்குப் பொதுவான குன்றிலே பாதி ஊருக்கு அனுமதி இல்லை!

அந்த நகரத்தில், கி.மு. 391ஆம் ஆண்டையொட்டி, அரிஸ்டோபனீஸ் ஒரு நகைச்சுவை நாடகம் அரங்கேற்றினார். அவையேறிய மகளிரைப் பற்றிய நாடகம் அது. பிராக்சகோரா என்னும் பெண் தன் தோழியரைத் திரட்டுகிறாள். விடியுமுன் கணவன்மாரின் மேலாடைகளையும் காலணிகளையும் கைத்தடிகளையும் எடுத்துக்கொண்டு, முகத்திலே பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு, ஆண்களைப் போல் அவையில் அமர்ந்து, நகர ஆட்சியைப் பெண்களிடம் ஒப்படைக்கும் தீர்மானத்தை நிறைவேற்றுவது அவர்கள் திட்டம். புறப்படுமுன் பேச்சுப் பயிற்சி நடைபெறுகிறது. ஒருத்தி கம்பளி நூலைக் கையோடு கொண்டு வந்திருக்கிறாள். அவை நடக்கும்போதே வேலையையும் முடித்துக்கொள்ளலாமே என்கிறாள். இன்னொருத்தி பெண்கள் இடும் ஆணையை வாய் தவறி இட்டுவிடுகிறாள். அவளே மீண்டும் அவையோரை விளிக்கும்போது பெண்களே என்று விளித்துவிடுகிறாள். பார்ப்போர் சிரிக்கிறார்கள்.

நாமும் சிரிக்கலாம். ஆனால் சிரிப்பு அடங்கியதும் சிந்திக்க வேண்டும். பிராக்சகோரா பேசக் கற்றது எங்கே? ஆசிரியரிடத்திலா, கல்விக் கூடத்திலா? போர்க் காலத்தில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து குன்றின் அருகே குடியிருந்தபோது, அவையிலே ஆண்கள் பேசிய பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன் என்கிறாள். காதில் விழுந்ததைக் கொண்டே அவள் நகரத்தை வெல்கிறாள்! கல்வியும் பயிற்சியும் தந்திருந்தால் அவள் என்னவாகியிருப்பாள் என்ற கேள்வியை நாடக ஆசிரியர் எழுப்பவில்லை. ஆயினும் அவர் படைத்த பாத்திரம் அதை எழுப்பிவிடுகிறது.

இன்னொரு காட்சி அதைவிடக் கூர்மையானது. தீர்மானம் நிறைவேறுகிறது; பெண்கள் வெற்றி பெறுகிறார்கள். பிராக்சகோரா தாடியைக் களைந்துவிட்டு வீடு திரும்புகிறாள். எங்கே போயிருந்தாய் என்று கணவன் பிளெபிரஸ் கேட்கிறான். தோழிக்குப் பேறுகாலம், துணைக்குப் போனேன் என்கிறாள். அவையில் நடந்ததை அவன் சொல்ல, அப்போதுதான் அறிந்தவளைப் போல அவள் கேட்டுக்கொள்கிறாள். நாட்டையே மாற்றும் தீர்மானத்தை நிறைவேற்றியவள், வீட்டிலே அதைப் பற்றி ஒன்றும் அறியாதவளாக நடிக்க வேண்டியிருக்கிறது! அரிஸ்டோபனீஸ் பெண்ணுரிமைக்காக எழுதியவரல்லர். பெண்கள் ஆண்டால் இப்படித்தான் இருக்கும் என்று கேலி செய்யவே எழுதினார். அந்த அரங்கிலே பெண் வேடம் கட்டியவர்களும் ஆண்களே. ஆண் நடிகன் பெண்ணாக வேடமிட்டு, அந்தப் பெண் ஆணாக வேடமிட்டால்தான் பேச முடிந்தது என்றால், ஏதென்ஸ் நகரத்து மக்களாட்சியின் மாட்சியை வேறு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அயல்நாட்டைக் குறை கூறிவிட்டு நம் பழம்பெருமையைப் பாடி முடிப்பது எளிது. திறனாய்வுக்கு அது அழகல்ல.

மணிமேகலை நம் காப்பியத் தலைவியருள் தனிச் சிறப்புடையவள். காதலுக்காக அழுதவளாகவோ கணவனுக்காக வாடியவளாகவோ சாத்தனார் அவளைப் படைக்கவில்லை. பசிப்பிணி தீர்ப்பவளாக, மெய்ப்பொருள் தேடுபவளாகப் படைத்தார். இதற்காக அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். வஞ்சி மாநகரிலே பல சமயக் கணக்கரையும் அணுகி, அவரவர் கொள்கையை அவள் கேட்டறிகிறாள். ஆனால் எப்படி? தன் உருவில் அல்ல. தவத்தோன் ஒருவன் வடிவிலே! அதற்கான மந்திரத்தை மணிமேகலா தெய்வம் முன்னதாகவே அவளுக்கு அளித்திருக்கிறது. காரணத்தையும் அத்தெய்வமே கூறுகிறது. இவள் இளையவள், வளையணிந்த பெண் என்று எண்ணி எவரும் உனக்குப் பொருளை விளக்கமாட்டார்கள். ஆகவே வேற்றுரு கொள்ளத்தான் வேண்டும் என்பது அதன் கருத்து.

இந்த இடத்தைப் பக்தியோடு படித்துக் கடந்து போவோர் பலர். நாம் சற்றே நின்று கேட்கிறோம். தெய்வத்துக்கு வானத்தில் பறக்க மந்திரம் தரத் தெரிகிறது. உருவை மாற்ற மந்திரம் தரத் தெரிகிறது. பெண்ணுக்குப் பொருள் சொல்ல மறுக்கும் ஆண்களின் மனத்தை மாற்ற ஒரு மந்திரம் தர அதற்குத் தெரியவில்லையே, ஏன்? மூடிய கதவைத் திறக்கச் சொல்லவில்லை. கதவின் அளவுக்கு அவளை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது! சாத்தனார் அநீதியைக் கண்டார். கண்டதை மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்கு வணக்கம். ஆனால் அவர் கண்ட மருந்து நோயாளியை மாற்றியதே தவிர, நோயை மாற்றவில்லை.

நூலை இன்னும் உற்று நோக்கினால் மற்றொன்றும் புலப்படும். புகார் நகரத்திலே சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டுமென்று மணிமேகலை சோழ மன்னனிடம் வேண்டுகிறாள். அப்போதும் அவள் வேற்றுருவில்தான் இருக்கிறாள்; ஆனால் அது காயசண்டிகை என்னும் பெண்ணின் உரு. மன்னன் கேட்கிறான், இசைகிறான். வஞ்சியிலோ பெண் உரு போதவில்லை. ஆண் உரு வேண்டியிருக்கிறது. ஏன் இந்த வேறுபாடு? புகாரில் அவள் கேட்டது இரக்கம். வஞ்சியில் அவள் புகுந்தது வாதம். இரக்கம் கேட்கப் பெண்ணின் குரல் போதும். அறிவோடு அறிவு மோதும் இடத்திலே அந்தக் குரல் செல்லாது! வஞ்சியிலே பூதவாதியை அவள் மடக்கும் இடம் இதற்குச் சான்று. கண்ணால் கண்டதே உண்மை என்பவனை நோக்கி, உன் பெற்றோர் இன்னார் என்பதை எந்த அளவையால் அறிந்தாய் என்ற பொருள்படக் கேட்கிறாள். அவள் சார்ந்த கொள்கையில் நமக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது வேறு. வாதத்தின் கூர்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கூர்மைக்குரிய புகழ் அன்று யாருக்குச் சென்றிருக்கும்? எதிரே நின்ற ஆண் தவசிக்கல்லவா!

கண்ணகி இல்லையா, பாண்டியன் அவையிலே தன் உருவோடு நின்று நீதி கேட்கவில்லையா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்டாள், அரசனே நடுங்கக் கேட்டாள், தமிழுள்ளவரை அந்தக் காட்சி வாழும். ஆனால் அவள் அங்கே சென்றது கணவனை இழந்த பின். தன் வீட்டுக்கு இடி விழுந்த பிறகு முறையிட வந்தவள் அவள். சட்டம் இயற்ற அழைக்கப்பட்டவள் அல்லள். முறையீட்டுக்குக் கதவு திறந்தது, ஆலோசனைக்குத் திறக்கவில்லை. பின்னர் அவளுக்குக் கல் நாட்டினார்கள், கோயில் எடுத்தார்கள். பெண்ணுக்குப் பீடம் தருவதில் நம்மவர் என்றும் கஞ்சத்தனம் காட்டியதில்லை. பீடம் வேறு, இருக்கை வேறு. பீடத்தில் இருப்பவள் பேசமாட்டாள். இருக்கையில் இருப்பவள் பேசுவாள்!

எழுத்துலகிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் பிரான்ட்டே சகோதரியர் மூவரும் 1846இல் தங்கள் கவிதைகளை வெளியிட்டபோது, கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்ற பெயர்களுக்குள் தங்களை மறைத்துக்கொண்டனர். மேரி ஆன் எவான்ஸ் என்னும் பேரறிவாட்டி ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரால்தான் உலகுக்கு அறிமுகமானார். தமிழ் நாட்டிலோ இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று உண்டு. ரங்கராஜன் தம் துணைவியாரின் பெயரான சுஜாதா என்பதைப் புனைபெயராக்கிக்கொண்டு புகழ்பெற்றார். அதிலே தவறில்லை, அந்தப் பெயரால் அவர் எதையும் இழக்கவுமில்லை. ஆணுக்குப் பெண்பெயர் ஓர் அணிகலன். பெண்ணுக்கு ஆண்பெயர் அனுமதிச் சீட்டு. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

வேற்றுருக் கொள்ள மறுத்த பெண்களும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சி சமத்துவத்தை முழங்கிய நாளில், அந்தச் சமத்துவத்தில் எங்களுக்குப் பங்கு எங்கே என்று 1791இல் பெண்ணுரிமை அறிக்கை வெளியிட்டார் ஒலாம்ப் தெ கூஜ். தம் பெயராலேயே வெளியிட்டார். புரட்சி அரசை எதிர்த்து எழுதியதற்காக 1793இல் அவர் தலை வெட்டப்பட்டது. அதே ஆண்டு பெண்களின் அரசியல் கழகங்களுக்கும் தடை விழுந்தது.

நம் மண்ணில் வரலாறு அவ்வளவு கொடியதாக இல்லை. சென்னைச் சட்டமன்றம் 1921இலேயே பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கத் தீர்மானித்தது. இந்தியாவில் இதற்கு முன் எந்த மாகாணச் சட்டமன்றமும் செய்யாத செயல் அது. 1926இல் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் அந்த மன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முன்னும் தேவதாசி முறை பற்றி இந்நாட்டு ஆண்கள் பேசியதுண்டு. ஆனால் தம் தாயாரின் மரபு வழியே அந்த வாழ்வின் துயரை அறிந்த ஒரு பெண், தன் உருவோடு எழுந்து பேசியபோதுதான் அது புள்ளிவிவரமாக இல்லாமல் உயிர்ப் பிரச்சினையாயிற்று. கலை அழியும், சமயம் சாயும் என்றனர் எதிர்த்தோர். அம்மையார் அசையவில்லை. 1929இல் சட்டத்திருத்தம் வந்தது. 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கமே சட்டத்தால் ஒழிந்தது. அதே முறையின் உள்ளிருந்து வெளிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தாசிகள் மோசவலை என்னும் நாவலை 1936இல் தம் பெயராலேயே வெளியிட்டார், மேடை ஏறினார், 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைவரை நடந்தார், சிறையும் புகுந்தார்.

ஒரு பெண் அவையில் இருப்பதால் என்ன வந்துவிடப் போகிறது என்று ஏளனம் செய்வோருக்கு இன்னுமொரு சான்று. ஐக்கிய நாடுகள் அவை மனித உரிமைப் பேரறிக்கையை வகுத்தபோது, அதன் முதல் விதி, எல்லா ஆண்களும் என்றும் பொருள்படும் சொற்களால் தொடங்கியிருந்தது. ஆண் என்றால் பெண்ணும் அடக்கம்தானே என்றனர் சிலர். இந்தியப் பிரதிநிதியாக அங்கே அமர்ந்திருந்த ஹன்ஸா மேத்தா அம்மையார் அதை ஏற்கவில்லை. அவர் முயற்சியால் 1948இல் வெளிவந்த அறிக்கை, மனிதப் பிறவிகள் யாவரும் என்று தொடங்குகிறது. ஒரு சொல்தான் மாறியது. ஆனால் அந்தச் சொல்லுக்குள்தான் உலகத்துப் பெண்கள் அனைவரும் ஆண் வேடம் பூண்டு நின்றுகொண்டிருந்தார்கள்!

சரி, இன்றைய நிலை என்ன? இங்கேதான் நாம் முன்னே சொன்ன வடிவ மாற்றம் வருகிறது. 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத்திருத்தம், ஊராட்சி மன்றங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழகம் 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியது. கதவு திறந்தது, பெண் தன் உருவோடு நுழைய வேண்டிய நேரம் வந்தது. உடனே என்ன நேர்ந்தது? இதுவரை பெண் ஆண் வடிவம் எடுத்தாள். இப்போது ஆண் பெண் வடிவம் எடுக்கத் தொடங்கினான்! பெயர்ப்பலகையிலே மனைவி, நாற்காலியிலே கணவன். தலைவியின் கணவர் என்பதே ஒரு பதவியாயிற்று. வடநாட்டில் அதற்குச் சர்பஞ்ச் பதி என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் சத்தீஸ்கர் மாநிலக் கபீர்தாம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் உறுப்பினர்கள் ஆறு பேருக்குப் பதிலாக அவர்தம் கணவன்மாரே பதவியேற்பு உறுதிமொழி எடுத்துக்கொண்டனர். மேலாடை களவு போனதால் மனைவியின் உடையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து நின்றானே பிளெபிரஸ், அவனைக் கண்டு ஏதென்ஸ் சிரித்தது. இவர்களைக் கண்டு நாம் சிரிப்பதா, நாணுவதா?

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. கணவனை வாசலில் நிறுத்திவிட்டுத் தாமே கோப்பைப் படித்துக் கையெழுத்திடும் தலைவியர் நம் ஊர்களில் உண்டு. அவர்களில் ஒடுக்கப்பட்ட வகுப்பிலிருந்து வந்தவர்களுக்கு இரட்டைப் போராட்டம். 2020இல் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில், பட்டியல் வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. இருக்கை சட்டத்தால் வந்தது. அதில் அமரும் உரிமையை ஊர் தர மறுத்தது!

பேசுவதும் கேட்கப்படுவதும் ஒன்றல்ல. தமிழகக் கிராமசபைக் கூட்டங்களின் பேச்சுப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. பெண்கள் குறைவாகவே பேசுகிறார்கள். பேசினாலும் பேச்சின் போக்கை முடிவு செய்வது அரிது. அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதில் பெறுவதும் ஆண்களைவிடக் குறைவு. ஒதுக்கீட்டால் பெண்கள் பேசுவது பெரிதும் கூடிவிடவில்லை. ஆனால் பேசிய பெண்களுக்குச் செவிசாய்க்கப்படும் வாய்ப்பு கூடியிருக்கிறது. ஆகவே ஒதுக்கீடு வீண் என்பாரும் தவறு. ஒதுக்கீடே போதும் என்பாரும் தவறு. செய்தி ஏடுகளும் ஒலி ஒளி நிலையங்களும் இதற்கு விலக்கல்ல. உலக நாடுகள் பலவற்றின் செய்திகளை ஆராய்ந்த கணக்கெடுப்பின்படி, செய்தியில் இடம்பெறும் மாந்தருள் பெண்கள் 1995இல் 17 விழுக்காடு. 2020இல் 25 விழுக்காடு. கால் நூற்றாண்டில் எட்டே படிகள்!

பெண்களுக்கு அரசியலில் நாட்டமில்லை என்று ஒரு சாக்கு எப்போதும் தயாராக இருக்கிறது. நாட்டமில்லாதவர்களா வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள்? 2019 நாடாளுமன்றத் தேர்தலிலும் 2024 தேர்தலிலும் வாக்களித்தோர் விழுக்காட்டில் பெண்கள் ஆண்களைச் சற்றே விஞ்சினார்கள். ஆனால் 2024இல் மக்களவைக்குச் சென்ற 543 பேரில் பெண்கள் 74 பேர். 2021இல் தமிழகச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். நாட்டம் வரிசையில் இருக்கிறது. நாற்காலிதான் வேறிடத்தில் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு இடம் கேட்கும் சட்டவரைவு முதன்முதல் 1996இல் வந்தது, 2010இல் மாநிலங்களவையில் நிறைவேறி மக்களவையில் உறங்கிற்று, 2023இல்தான் சட்டமாயிற்று. அப்போதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்னரே என்ற நிபந்தனையோடு பிறந்தது. பெண்ணுக்குரியதைத் தரும்போது மட்டும் நம் நாட்டுப் பஞ்சாங்கத்தில் நாள் கிடைப்பதில்லை!

சட்டம் வரட்டும், அதற்குள் நாம் செய்ய வேண்டியவை இல்லையா? கிராமசபையில் பெண் கேட்ட கேள்வியும் அதற்குச் சொன்ன பதிலும் பதிவேட்டில் ஏறுகின்றனவா என்று ஊரார் பார்க்கலாம். தலைவியின் இருக்கையில் கணவன் அமர்ந்தால், அம்மா எங்கே என்று அந்த இடத்திலேயே கேட்கலாம். மாநாடு கூட்டும் கட்சிகள் வரவேற்புக்கும் விளக்கேற்றவும் மட்டும் பெண்களை அழைக்காமல், வரவுசெலவுத் திட்டம் பற்றியும் ஆற்றுநீர் பற்றியும் பேச அழைக்கலாம். மகளிர் பிரச்சினை பற்றி மட்டுமே மகளிர் பேச வேண்டும் என்பதும் ஒரு வேலிதான். அரிசி விலையும் ஆயுதச் செலவும் மகளிர் பிரச்சினை இல்லையா? ஏடு நடத்துவோரும், நாம் உட்பட, பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, இதிலே எத்தனை பெண் குரல் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

பிராக்சகோராவுக்குத் தாடி தேவைப்பட்டது. மணிமேகலைக்கு மந்திரம் தேவைப்பட்டது. அவர்களுடைய அறிவில் குறையில்லை. அவர்கள் நுழைந்த அவையில்தான் குறை. அந்த அவையைத் திருத்தாமல் பெண்ணைத் திருத்த முயல்கின்றவரை, நாம் நடத்துவது மக்களாட்சி அல்ல. பாதி மக்களின் ஆட்சி. பெண் தன் பெயரோடும் தன் குரலோடும் எழுந்து நின்று, வேண்டுகோளை மட்டுமன்றித் தீர்மானத்தையும் முன்மொழியும் நாளை விரைந்து கொண்டுவருவது அவைக்குள் முன்பே அமர்ந்திருப்போரின் கடமை. சற்றே நகர்ந்து இடம் விடுங்கள் என்று அவர்களை வேண்டிக்கொள்ள நாம் விரும்பவில்லை. அந்த இடம் அவர்களுடையதன்று. திருப்பித் தாருங்கள் என்று கேட்கிறோம்.